திரையைப் போர்த்திய ராஜா

ராஜா பாடிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

சிம்மாசனத்தில் அல்ல, தரையில். பால் டின் தகரத்தில் செய்த கிரீடம் உருண்டு போய் தாளம் போடுகிறவர் காலடியில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நாடகம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதுவரை அப்படி ஒரு சிரிப்பு வரவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தார். அதற்கும் சிரித்தோம்.

அவர் வயிற்றில் இருந்தது நான் கொடுத்த கிழங்கு. விழுந்தபோது எனக்கு அது தெரியாது. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

இரண்டு வகைக் கிழங்கு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பது நின்றுவிட்டது. தோட்டத்தில் பாதி மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி போட்டோம். அந்தக் கதையைப் போன வாரம் எழுதினேன். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு வகை போட்டோம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் நல்ல கிழங்கு. காட்டு ஓரத்தில் கசப்புக் கிழங்கு. காட்டு ஓரத்தில் நல்ல கிழங்கை வைத்தால் பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போய்விடும். கசப்பை அது தொடாது. பன்றிக்குத் தெரியும், அதில் விஷம்.

ஆனால் கசப்புதான் பெரிதாக விளையும். தோலை உரித்து, சீவி, ஓடையில் மூன்று நாள் ஊறப்போட்டு, வெயிலில் காய வைத்து, இடித்து மாவாக்கினால் தின்னலாம். எங்கள் லயத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அதனால் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

சைக்கிளில் வந்த ஆள்

நாடகம் வருகிறது என்று சொல்ல ஒருவர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான ஆள். சைக்கிளுக்கு டயர் கிடையாது. பழைய ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது.

பெயர் சின்னையா. அவர்தான் நாடகத்தில் பபூன். இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்த கம்பெனி. வந்த சில மாதத்தில் ஜப்பான் சண்டை வந்துவிட்டது. திரும்பிப் போகக் கப்பல் இல்லை. பினாங்கில் கிடந்துவிட்டு இப்போது கெடா பக்கம் வந்திருக்கிறார்கள்.

லயத்து நடுவில் நின்று கையில் இருந்த தகரத்தைத் தட்டினார்.

"மண்டூக ராஜன்! சிரிப்பு நாடகம். நாப்பது பாட்டு, பன்னெண்டு ஸ்திரீபார்ட்டு, நெசக் குதிரை. திகாம் பத்து ஊருல, பழைய ரப்பர் கொட்டகையில. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"மத்தியானமா? நாடகம்னா ராத்திரியில்ல?" என்று ஒருவர் கேட்டார்.

"வெளக்குக்கு மண்ணெண்ணெய் நீங்க தர்றீங்களா அண்ணே? தந்தா விடிய விடிய ஆடுறோம்."

"டிக்கெட் எவ்வளவு?"

"ஆளுக்கு ரெண்டு கெழங்கு. முழங்கை நீளம் இருக்கணும். ஜப்பான் நோட்டு வேணாம். அத வச்சு அடுப்புகூட சரியா எரியல."

சிரித்தோம். சிரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டோம். அந்த மாதிரிப் பேச்சு யார் காதில் விழும் என்று தெரியாது.

பவுனம்மா என் மனைவி. அன்று ராத்திரி அவள் கேட்டாள்.

"நெசக் குதிரையாமே?"

"குதிரைய எல்லாம் ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயிட்டான்."

"அப்ப ஏன் சொல்றான்?"

"சொல்றதுக்கு என்ன, கெழங்கா குடுக்கணும்?"

அவள் விரலை மடக்கி ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினாள். போக வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது.

நான் செய்த விளம்பரம்

அவளுக்கு அந்த ஆசை வந்ததற்கும் நான்தான் காரணம். கல்யாணத்துக்கு முன்னால், சண்டைக்கும் முன்னால், சுங்கைப் பட்டாணி டவுனில் நான் ஒரு நாடகம் பார்த்திருந்தேன். எட்டு கேஸ் விளக்கு. ஆர்மோனியச் சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டது. ராஜா ஊஞ்சலில் கூரையிலிருந்து இறங்கினார். அவர் முகத்துப் பவுடர் வாசனை முன் வரிசைக்கு வந்தது. ஒரு கடலைப் பொட்டலத்தை விடிய விடிய வைத்துத் தின்றேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த நாடகத்தை மட்டும் பவுனம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஊஞ்சல் வருகிற இடத்தை நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிடுவாள். அவள் ஒரு நாடகமும் பார்த்ததில்லை.

போவது அவ்வளவு சுலபம் இல்லை. வெளியே உடுத்திப் போகிற மாதிரி இருந்தது ஒரே சேலை. அதுவும் அவளுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பொது. ஒருத்தி உடுத்தி வெளியே போனால் மற்றவள் சாக்குத் துணியோடு வீட்டுக்குள் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் முறை. பவுனம்மா இரண்டு நாள் அக்காவுக்கு மாவு இடித்துக் கொடுத்து முறையை மாற்றிக்கொண்டாள்.

எனக்கு வேறு பயம். கூட்டம் கூடுகிற இடத்தில் லாரி வந்து நிற்கும். ஆண்பிள்ளைகளை ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விடுவார்கள். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திய கதை எல்லாம் உண்டு.

"வாசல் பக்கம் உக்காருவோம்" என்றேன்.

"எங்க உக்காந்தா என்ன, மேடை தெரிஞ்சா சரி" என்றாள்.

சொல்லாமல் விட்டது

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிழங்கு எடுத்தேன். வீட்டில் நல்ல கிழங்கு கொஞ்சம்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க அதுதான் சாப்பாடு. கசப்பு முந்தின நாள் பிடுங்கியது கிடந்தது. பெரிய கிழங்காகப் பார்த்து நான்கு எடுத்துக் கூடையில் வைத்தேன்.

பவுனம்மா பார்த்தாள்.

"கசப்புன்னு சொல்லிக் குடுங்க."

"அது தெரியாதவன் இருப்பானா?"

"சொன்னா வாயா வலிக்குது உங்களுக்கு?"

எனக்கு வலிக்கும். எப்போதும் அப்படித்தான்.

ஐந்து மைல் நடந்தோம். திகாம் பத்துக் கொட்டகை வாசலில் காலையிலேயே நல்ல கூட்டம். கிழங்கைக் கொடுத்து இடம் பிடித்துவிட்டு மூன்று மணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். சின்னையா வாசலில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார். என் கிழங்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இது கெழங்கா, தூணா? இந்த மாதிரி நாலு பேரு குடுத்தா கொட்டகையே கட்டிரலாம். முன்னால போய் உக்காருங்கண்ணே."

பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். நான் நகர்ந்தேன். சொல்லவில்லை.

பவுனம்மா உள்ளே போய் வாசல் பக்கமாகச் சேலை கசங்காமல் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மண்டூக ராஜன்

அது ரப்பர் ஷீட் அடுக்குகிற கொட்டகை. ஷீட் போய் எத்தனையோ மாதம். புகை வாசனை போகவில்லை. பலகை இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது.

முதலில் எல்லோரும் எழுந்து, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். ஒரு போலீஸ்காரர் நின்று பார்த்தார். குனிந்து முடித்ததும் அவர் டீக்கடைக்குப் போய்விட்டார். பிறகு திரை விலகியது.

திரை நன்றாக இருந்தது. சிவப்பு வெல்வெட். அதைப் பார்த்ததும் பவுனம்மா என் கையைக் கிள்ளினாள்.

மற்றதெல்லாம் வேறு மாதிரி. ஆர்மோனியம் இல்லை. அது பினாங்கிலேயே அரிசியாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவர் மண்ணெண்ணெய் டின்னில் தாளம் போட்டார். பன்னிரண்டு ஸ்திரீபார்ட் என்றால் லோகாம்பாள் என்ற ஒரே அம்மாள் பன்னிரண்டு தடவை வருவார். பூவை மட்டும் மாற்றிக்கொள்வார். நிஜக் குதிரை, சாக்குக்குள் இரண்டு பேர். பின்னங்கால் இருமியது.

கதை என்று பெரிதாக இல்லை. ஒரு ராஜாவுக்குத் தவளைக் குரல். அவர் பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்கிறார். நாட்டில் எல்லாப் பெண்களும் ஓடுகிறார்கள். பபூன்தான் மந்திரி.

முதல் சீன் முடிந்ததும் திரை மூடியது. மறுபடி விலகவில்லை. இரண்டு பேர் வந்து கயிற்றிலிருந்து அதைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ராஜா வந்தார். திரையைத் தோளில் போர்த்தியிருந்தார். ராஜாவுக்கு அங்கி இல்லை. அந்தக் காலத்தில் யாருக்குத்தான் துணி இருந்தது?

"அப்ப இனிமே திரையில்ல?" என்றாள் பவுனம்மா.

"ராஜா போனாத்தான்."

ராஜபார்ட் பெயர் கதிரேசன். பெரிய உடம்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது தோல் மட்டும் பெரிதாக இருந்தது. தவளைக் குரலில் பாட வேண்டியவர் நல்ல குரலில் பாட முயற்சி செய்தார். இரண்டும் வரவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார்.

மோசம் என்று சொல்ல மாட்டேன். நன்றாக இல்லை.

ஊஞ்சல் வரும் என்று பவுனம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஆனால் முகம் வாடவில்லை. பகல் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. மடியிலிருந்து வறுத்த தேங்காய்த் துண்டை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

அப்போதுதான் ராஜா உட்கார்ந்தார்.

கிழங்கைத் திருப்பிக் கொடு

சாய்ந்தவர் வாந்தி எடுத்தார். சிரிப்பு நின்றது. மறைக்கத் திரை இல்லை. அது அவர் மேல் இருந்தது. குதிரையின் முன்னங்கால் வெளியே வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேராகத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனார்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர் எழுந்தார்.

"நாப்பது பாட்டுன்னான். நான் எண்ணிக்கிட்டு வர்றேன், ஏழுதான் ஆச்சு. கெழங்கத் திருப்பிக் குடுங்கலா."

"ஆமா, திருப்பிக் குடு" என்று நாலைந்து குரல் சேர்ந்தது.

சின்னையா மேடைக்கு வந்தார். முகத்து மாவு வேர்வையில் கரைந்து வடிந்தது.

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அண்ணே. ராஜா பின்னால நின்னு குடுக்கறாரு. கையேந்தி வாங்கிக்கிறவங்க வரலாம்."

கொட்டகை அதிர்ந்தது. மண்டோரும் சிரித்தார். சின்னையாவின் கண் மட்டும் பின்பக்கம் ராஜாவைத் தேடிப் போய்ப் போய் வந்தது. அது எனக்குத் தெரிந்தது.

"அப்படி என்னத்தத்தான் தின்னாரு?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"நீங்க குடுத்ததுதான்க்கா. எங்க கம்பெனியில ராஜபார்ட்டு சாப்பிட்டப்புறம்தான் மத்தவங்களுக்கு. இருக்கறதுலயே பெருசா ஒண்ண எடுத்து நெருப்புல சுட்டுக் குடுத்தோம். கசக்குதுன்னு சொல்லிக்கிட்டே பசியில முழுசாத் தின்னாரு. நாங்க இனிமேதான் சாப்பிடணும். பின்னால பானையில வெந்துகிட்டிருக்கு."

இருப்பதிலேயே பெரியது.

பவுனம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னீங்களா இல்லியா?"

நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போய்ச் சொல்லுங்க. பானையில இருக்கு. போங்க."

வாசலிலிருந்து மேடைக்கு நாற்பது அடி இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் நடந்தேன். அந்த நாளில் கூட்டத்தில் ஒரு ஆள் தனியாக எழுந்து நடந்தால், காட்டிக்கொடுக்கிறவனோ என்று எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினார்கள். ஓடிப்போக வாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதையும் நினைத்தேன்.

"அது கசப்பு மரவள்ளி" என்றேன். "நான்தான் குடுத்தேன். ஊறப்போடாம தின்னக் கூடாது. பானைய எறக்குங்க."

"டிக்கெட்டுக்கு விஷம் குடுத்தவன் நீதானாடா?" என்றார் மண்டோர்.

"ஆமா" என்றேன்.

வேறு என்ன சொல்வது?

சின்னையா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க நாடகத்துக்குச் செருப்பு விட்டிருக்காங்க. கல்லு விட்டிருக்காங்க. ஆட்டம் பாக்கறதுக்கு முன்னாடியே விஷம் வச்சவரு நீங்க ஒருத்தர்தான்."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினார். நானும் ஓடினேன்.

இளநீர்

லோகாம்பாள் கதிரேசனின் மனைவி. புருஷனுக்குப் பசி மயக்கம் என்று நினைத்து, பானையைத் திறந்து அகப்பையைப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னங்கால்காரர் தட்டோடு நின்றார். நான் பானையைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தேன். கை வெந்துபோனது. பசியோடு இருந்த அத்தனை பேரும் ஆவி பறக்கிற கிழங்கைப் பார்த்தார்கள். யாரும் குனியவில்லை.

தின்றவர் ராஜா ஒருவர்தான். சாக்கு விரிப்பில் கிடந்தார். மூச்சு வேகமாக வந்தது. கண் சொருகியிருந்தது.

மருந்து எங்கேயும் கிடையாது. எங்கள் லயத்தில் இதற்கு இளநீர் கொடுப்போம். அது சரியா தப்பா தெரியாது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரர் வீட்டில் தென்னை இருந்தது. கேட்கும்போதே ஏறிவிட்டேன்.

"அம்பில் லா, அம்பில்" என்றார் அவர். எடுத்துக்கோ என்று. கீழே நின்று விழுந்ததைப் பொறுக்கி அவரே வெட்டியும் கொடுத்தார்.

பவுனம்மா ராஜாவின் தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். திரும்ப ஊற்றினாள். சேலை நாசமானது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் அப்போது கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"கசப்புன்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் லோகாம்பாள். "பினாங்குல கடையில வாங்கினது எல்லாம் வேகவச்சு அப்படியே தின்னோம்."

கசப்பு கடைக்கு வராது. எனக்கு அது தோன்றவே இல்லை.

பவுனம்மா வேகவைக்காமல் மிச்சமிருந்த கசப்புக் கிழங்கு ஒன்றை எடுத்து ஓரம் சீவி அவரிடம் நீட்டினாள்.

"நாக்குல வச்சுப் பாருங்கக்கா. முழுங்கிராதீங்க."

லோகாம்பாள் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார்.

"இனிமே எந்தக் கெழங்கு வந்தாலும் மொதல்ல இப்படிப் பாருங்க. இவர மாதிரி வாய் தொறக்காத ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க."

கூட்டம் கலைந்துபோனது. யாரும் கிழங்கு கேட்கவில்லை. மண்டோர் போகும்போது நல்ல கிழங்கு இரண்டு வைத்துவிட்டுப் போனார். தோளில் போட்டிருந்த துண்டில் முடிந்து வைத்திருந்தார். வழிச் சாப்பாட்டுக்கு என்று கொண்டுவந்தது போல.

நாங்கள் போகவில்லை. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஆனாலும் எப்படிப் போவது? நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தேன். செத்துவிட்டால் போலீஸ் வரும், என்னை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பயம் போய்விட்டது. மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்து பலகை இடுக்குக் கோடுகள் எதிர்ச் சுவரில் ஏறின. மூச்சு கொஞ்சம் மெதுவானது. பிறகு இன்னும் கொஞ்சம்.

ராஜா கேட்டது

கதிரேசன் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். பபூனைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"இது யாரு?"

"ஆட்டம் பாக்க வந்தவரு" என்றார் சின்னையா. "ஒங்க மேல ரொம்பப் பிரியம். போக மாட்டேன்னு உக்காந்திருக்காரு."

நான் கிழங்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சின்னையா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனால் லோகாம்பாளே எல்லாம் சொல்லிவிட்டார். கசப்பு, நான் கொடுத்தது, தெரியாமல் நடந்தது, தென்னை ஏறினது எல்லாம்.

கதிரேசன் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அது போகட்டும். விழுறதுக்கு முன்னாடி பாடினேனே, அது எப்படி இருந்திச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பவுனம்மா தலையை ஆட்டினாள். நன்றாக இருந்தது என்று சொல்லச் சொல்கிறாள்.

காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டு இவ்வளவும் ஆகிவிட்டது. இனி இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

"சுமாருங்க" என்றேன்.

"சுமாரா?"

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். லோகாம்பாள் பிடித்து அழுத்தினார். அவர் கையைத் தட்டிவிட்டார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"என் பாட்ட சுமாருன்னு ஒருத்தன் சொன்னதில்ல. மதுரையில சொன்னதில்ல. பினாங்குல சொன்னதில்ல. கெழங்கு பிடுங்குறவன் நீ சொல்றியா? வயித்துல விஷத்த வச்சிக்கிட்டுப் பாடினா எப்படிடா இருக்கும்? இப்பக் கேளு."

"வேணாங்க, நாளைக்குப் பாடலாம்" என்றார் லோகாம்பாள்.

"இப்பக் கேக்கட்டும்."

சின்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளால் கண்ணைத் துடைத்தார். பிறகு மண்ணெண்ணெய் டின்னை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

கதிரேசன் அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தார். குரல் நடுங்கியது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. இளநீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். பவுனம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடவையும் சுமார்தான். ஆனால் கடைசி வரி வரைக்கும் பாடினார்.